நடுக்கத்துக்குப் பெயர் தந்த ஏழைகளின் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன்



நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பால்வெட்டுக்காரர். 1980-களின் கடைசி என்று ஞாபகம். அப்போது நாம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தோம். மரத்தில் காயம் படாமல் இருபத்தைந்து வருஷம் பால் வெட்டிய கை அவருடைய கை. அந்தக் கை ஒரு நாள் நடுங்க ஆரம்பித்தது. கத்தியைப் பிடிக்கும்போதுகூட அவ்வளவாக இல்லை. வேலை முடிந்து வந்து கையைச் சும்மா மடியில் வைத்திருப்பார் பாருங்கள், அப்போதுதான் விரல்கள் எதையோ உருட்டுவது போல ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு நடையும் மாறியது. முன்னால் குனிந்துகொண்டு சின்னச் சின்ன அடியாக எடுத்து வைப்பார். திடீரென்று அது ஓட்டமாகிவிடும். நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது. முகத்தில் சிரிப்பு என்பதே இல்லாமல் போனது.

லயத்தில் ஆளுக்கொரு பேச்சு. தண்ணி போட்டுவிட்டு ஆடுகிறான் என்றார்கள் சிலர். மனிதரோ கள்ளைத் தொட்டறியாதவர். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்றார் கங்காணி. செய்வினை என்று பயந்து வீட்டார் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். மரம் கெட்டுப்போகிறது என்று சொல்லி நிர்வாகம் அவரிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டது. பிரட்டுக் களத்தில் அவர் பெயரைக் கூப்பிடுவது நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவர் பின்னால் அதே மாதிரி குனிந்து ஓடிக் காட்டிச் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் நாமும் ஒருவர். மறைப்பதற்கில்லை.

எட்டு வருஷம் அப்படியே இருந்து அவர் காலமானார். என்ன வியாதி என்று கடைசிவரை ஒருவரும் பெயர் சொல்லவில்லை. வெகு காலம் கழித்து, சங்க வேலையாக உறுப்பினர் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தோம். டாக்டர் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். எழுந்து நடக்கச் சொன்னார். ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் பார்க்கின்சன் நோய். நம் கண் முன்னால் அந்தப் பழைய பெரியவர் வந்து நின்றார். அன்று இரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பார்க்கின்சன் என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் யார் என்று தேடிப் படித்தபோதுதான், பாட்டாளிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது என்று புரிந்தது. அதை இன்று சொல்கிறோம்.

டிரெசராகத் தொடங்கியவர்

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி பிறந்தார். ஊர் ஹாக்ஸ்டன். இங்கிலாந்தின் தலைநகரான லண்டனுக்கு வடகிழக்கு ஓரத்தில் அன்று வயலும் தோட்டமுமாகக் கிடந்த சிற்றூர் அது. தந்தை ஜான் பார்க்கின்சன் ஓர் அப்போத்திகரி. அதாவது மருந்து கலந்து கொடுத்து, வைத்தியமும் பார்ப்பவர். பெரிய பட்டம் வாங்கிய டாக்டர்கள் பணம் படைத்தவர்கள் வீட்டுக்குப் போன காலம் அது. சாதாரண ஜனங்கள் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வந்தவர் அப்போத்திகரிதான்.

மகன் தந்தையிடமே தொழில் பழகினார். 1776-இல் லண்டன் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் டிரெசராக வேலை பார்த்தார். இந்தச் சொல்லைப் படித்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மாத்திரையும் வெட்டுக் காயத்துக்குக் கட்டும் போட்டவரை டிரெசர் என்றுதானே கூப்பிட்டோம்? அந்தப் பட்டம் அங்கிருந்துதான் இங்கே வந்தது. காயத்தைக் கழுவிக் கட்டுப் போடும் உதவியாளருக்கு அந்தப் பெயர். உலகம் முழுதும் இன்று சொல்லும் ஒரு வியாதிக்குப் பெயரானவர், ஒரு காலத்தில் அந்த வேலை பார்த்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1777-இல் தூக்கில் தொங்கிய ஒருவரைத் தந்தையும் மகனும் சேர்ந்து உயிர் பிழைக்க வைத்தார்கள். உயிர்காக்கும் சங்கம் ஒன்று அதற்காக ஜேம்ஸுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. 1784-இல் தந்தை இறந்தார். அதே ஆண்டில் ஜேம்ஸ் அறுவை வைத்தியராகத் தகுதி பெற்றார். மறு ஆண்டு, அந்தக் காலத்தின் பெரிய அறுவை வைத்தியரான ஜான் ஹண்டரின் வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்தார். ஹண்டர் பேசியதை எல்லாம் சுருக்கெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். பார்த்ததையும் கேட்டதையும் உடனே குறித்து வைக்கும் இந்தப் பழக்கம்தான் பின்னால் அவருக்குப் பெரிய பெயரைத் தேடித் தந்தது.

இன்னொரு பெயரில் எழுதியவர்

இனி வரும் சங்கதி மருத்துவப் புத்தகங்களில் அதிகம் இருக்காது. ஆனால் தொழிற்சங்கத்துக்காரனுக்கு இதுதான் இனிப்பான சங்கதி.

1789-இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. இங்கிலாந்தில் சொத்துள்ளவனுக்கு ஓட்டு, உழைப்பவனுக்கு ஓட்டு இல்லை. 1792-இல் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி சில பேரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். லண்டன் கடிதத் தொடர்புச் சங்கம் என்று அதற்குப் பெயர். வாரச் சந்தா ஒரு பென்னி. சாதாரண மனிதனுக்கும் ஓட்டு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இந்தச் சங்கத்தில் வைத்தியர் பார்க்கின்சனும் சேர்ந்தார்.

அப்போது எட்மண்ட் பர்க் என்ற அரசியல்வாதி பொதுமக்களைப் பன்றிக் கூட்டம் என்ற பொருளில் எழுதிவிட்டார். பார்க்கின்சனுக்குக் கோபம் வந்தது. ஓல்ட் ஹியூபர்ட், அதாவது கிழட்டு ஹியூபர்ட் என்ற புனைபெயரில், பன்றிக் கூட்டமே பர்க்குக்குப் பதில் சொல்வது போலக் கிண்டலாக எழுதினார். 1794-இல் இன்னொரு சிறு பிரசுரம் வெளியிட்டார். ரத்தம் சிந்தாமல் சீர்திருத்தம் செய்யலாம் என்பது அதன் சாரம். அதில் அவர் வைத்த கோரிக்கைகளில் ஒன்றைக் கேளுங்கள். கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்தால் ஜெயில். முதலாளிகள் ஒன்று சேர்ந்து அவர்களுக்கு எதிராகத் திட்டம் போட்டால் கேட்பாரில்லை. இந்த அநியாயம் ஒழிய வேண்டும் என்று அவர் எழுதினார். இருநூறு ஆண்டுக்கும் முன்னால் ஒரு வைத்தியர் எழுதியது இது!

அந்த ஆண்டே பெரிய ஆபத்து வந்தது. நாடகக் கொட்டகையில் மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் காற்றுத் துப்பாக்கியால் விஷ அம்பு எய்து கொல்லச் சதி என்று சொல்லிச் சங்கத்து ஆட்கள் சிலரைப் பிடித்துப் போட்டார்கள். பார்க்கின்சனையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர்கள் சாதாரண ஆட்களா? பிரதம மந்திரி வில்லியம் பிட் உள்பட, மன்னரின் ஆலோசனைச் சபையே உட்கார்ந்திருந்தது. தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளியாக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, அதற்கு உறுதி கொடுத்தால்தான் பேசுவேன் என்று பார்க்கின்சன் முதலிலேயே நிபந்தனை போட்டார். பிறகு, கிழட்டு ஹியூபர்ட் நான்தான் என்று ஒப்புக்கொண்டார். பிடிபட்ட தோழர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஜெயிலில் இருந்தவர்களின் குடும்பங்களுக்குப் பணம் திரட்டிய குழுவிலும் அவர் இருந்தார். கடைசியில் 1796-இல் அந்த வழக்கு நிற்காமல் விழுந்தது.

குடும்பம் உள்ள மனிதர். ஊரில் வைத்தியம் பார்த்துப் பிழைப்பவர். ஒரு வார்த்தை தவறியிருந்தால் எல்லாம் போயிருக்கும். மேலதிகாரி முன்னால் நின்று பேசிய அனுபவம் உள்ள நம் தோழர்களுக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

ஏழைகளின் வாசலில்

அதன் பிறகு பார்க்கின்சன் அரசியல் பிரசுரங்களைக் குறைத்துக்கொண்டார். ஆனால் ஏழைகளை விடவில்லை. ஹாக்ஸ்டன் அடங்கிய ஷோர்டிச் வட்டாரத்தில், கதியற்ற ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பை ஏற்றார். பிள்ளைப்பேறும் பார்த்தார். அவர் கண் முன்னாலேயே வயல்கள் மறைந்து நெருக்கமான வீடுகளும் பட்டறைகளும் வந்தன. ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியில் காய்ச்சல் பரவியபோது, காய்ச்சல்காரர்களுக்குத் தனி வார்டு வேண்டும் என்று வாதாடி ஏற்படுத்த வைத்தார்.

டாக்டரைக் கூப்பிட வசதியில்லாத குடும்பங்களுக்காக 1799-இலும் 1800-இலும் எளிய நடையில் வைத்தியப் புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகள் விளையாட்டில் அடிபட்டுச் சாகாமல் இருக்க ஒரு சிறு புத்தகம் போட்டார். தமக்கே இருந்த கீல்வாதத்தைப் பற்றி 1805-இல் ஒரு நூல் எழுதினார்.

இன்னொரு பைத்தியமும் அவருக்கு இருந்தது. பூமிக்குள் கல்லாகிப்போன பழங்கால உயிர்களின் எலும்புகளையும் சிப்பிகளையும் சேர்ப்பது. அதைப் பற்றி 1804 முதல் 1811 வரை மூன்று பெரிய பாகங்கள் வெளியிட்டார். 1807-இல் லண்டனில் நிலவியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் உயிரோடு இருந்தபோது படித்தவர்கள் மத்தியில் அவருக்குக் கிடைத்த பெயரும், அறுவை வைத்தியர் கல்லூரி கொடுத்த தங்கப் பதக்கமும் இந்தக் கல் ஆராய்ச்சிக்காகத்தான். வியாதிக்காக அல்ல!

ஆறு மனிதர்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1817-ஆம் ஆண்டு. பார்க்கின்சனுக்கு வயது 62. அறுபத்தாறு பக்கத்தில் ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். நடுக்கு வாதம் பற்றிய ஒரு கட்டுரை என்பது அதன் தலைப்பின் பொருள்.

அதில் வருபவர்கள் ஆறே ஆறு பேர். அவர்கள் யார் யார் என்று பாருங்கள்.

முதல் ஆள் ஒரு தோட்டக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒழுங்காக உழைத்தவர், குடிப்பழக்கம் இல்லாதவர். நடுக்கம் முதலில் இடது கையில் வந்தது. சில நாள் அந்தக் கைக்கு அதிக வேலை கொடுத்ததால் வந்தது என்று அவர் நினைத்தார். இரண்டாமவர் 62 வயதுக்காரர், நீதிபதி அலுவலகத்தில் ஊழியம் பார்த்தவர். பார்க்கின்சன் அவரைத் தெருவில் போகும்போது தற்செயலாகப் பார்த்து நிறுத்தி விசாரித்தார். மூன்றாமவர் ஏறக்குறைய 65 வயதான கப்பல் தொழிலாளி. இவரும் தெருவில் கிடைத்தவர்தான். ஸ்பெயின் நாட்டுச் சிறையில் பல மாதம் ஈரத் தரையில் படுத்ததால் வந்தது என்று அவர் நம்பினார். நான்காமவர் விலாப்பக்கம் கட்டி வந்து வைத்தியத்துக்கு வந்தவர். கட்டி ஆறியதும் போய்விட்டார், பிறகு தகவல் இல்லை. ஐந்தாமவரைப் பார்க்கின்சன் கிட்டே போய்ப் பார்க்கவே இல்லை. தூரத்தில் இருந்துதான் பார்த்தார். உதவியாள் ஒருவர் அவர் முன்னால் நின்று, தோளைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். பிடியை விட்டால் நோயாளி ஓட ஆரம்பித்துவிடுவார். ஆறாமவர் 72 வயதுக்காரர். நடுவில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது அந்தப் பக்கத்து நடுக்கம் நின்றது. இரண்டு வாரத்தில் பலம் திரும்பியது, நடுக்கமும் திரும்பியது.

ஆறு பேரும் தனித்தனி. ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லை. ஒவ்வொருவரும் தம் தலையில் மட்டும் விழுந்த துன்பம் என்றே நினைத்திருந்தார்கள். ஒருவர் வேலைப் பளுவைக் குற்றம் சொன்னார், ஒருவர் சிறையைக் குற்றம் சொன்னார். இந்த ஆறு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இவர்கள் எல்லாருக்கும் இருப்பது ஒரே வியாதி என்று சொன்னவர் பார்க்கின்சன்.

நடுக்கத்தைப் பற்றி அவருக்கு முன்னால் யாரும் எழுதவில்லை என்று நினைக்கக் கூடாது. பழங்கால வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்று சொல்வார்கள். ஒருவர் நடுக்கத்தை எழுதினார், இன்னொருவர் அந்த ஓட்ட நடையை எழுதினார். பார்க்கின்சன்தான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினார். கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம், பலக்குறைவு, முன்னால் வளையும் உடம்பு, நடை ஓட்டமாவது, மெதுவாக வருஷக்கணக்கில் வளர்வது. அத்தனையும் ஒரே மாலையின் பூக்கள் என்று காட்டினார். பல வருஷம் நீடிக்கும் வியாதி ஆனதால், தொடக்கத்தைப் பார்த்த வைத்தியர் முடிவைப் பார்ப்பதில்லை, முடிவைப் பார்த்தவருக்குத் தொடக்கம் தெரிவதில்லை. ஒரே ஊரில் வாழ்நாள் முழுதும் இருந்து, தெருவில் நடக்கும் ஜனங்களை முகம் பார்த்துப் பழகிய வைத்தியரால்தான் அது முடிந்தது.

தெரியாததைத் தெரியாது என்றவர்

நாம் அவரை மதிக்க இன்னொரு காரணம் உண்டு. இந்த வியாதி எதனால் வருகிறது? கழுத்துப் பகுதியில் முதுகுத் தண்டில் ஏதோ கோளாறு என்று அவர் யூகித்தார். ஆனால் அது யூகம்தான் என்று புத்தகத்தின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். இறந்த ஒருவரின் உடலைக்கூட அறுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை, இருந்தாலும் துன்பப்படுகிறவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது, மற்ற வைத்தியர்கள் இதை ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு பார்த்தால் அவர் யூகம் தவறு. கோளாறு மூளையில் இருந்தது. புத்தி கெடாது என்று அவர் சொன்னதும் எல்லாருக்கும் பொருந்தவில்லை. சிலருக்கு மறதியும் மனத் தளர்ச்சியும் வரும் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அவர் கண்ணால் கண்டு எழுதியது இன்றைக்கும் நிற்கிறது. கண்டது வேறு, நினைத்தது வேறு என்று பிரித்து எழுதியதால் அவருடைய தவறு அவருடைய உண்மையைக் கெடுக்கவில்லை.

படம் இல்லாத மனிதர்

1824-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, பக்கவாதத்தால் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், பார்க்கின்சன் காலமானார். வயது 69. ஷோர்டிச்சில் உள்ள செயின்ட் லெனார்ட் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். தொழிலாளர்கள் சங்கம் சேருவதைத் தடை செய்து 1799-இல் போட்ட சட்டத்தை இங்கிலாந்து ரத்து செய்ததும் அதே 1824-இல்தான். கிழட்டு ஹியூபர்ட் கண் மூடுமுன் அதையாவது பார்த்தார்.

அவர் உருவப்படம் என்று நம்பத்தக்க ஒன்றுகூடக் கிடையாது. போட்டோ பிடிக்கும் கலை உலகுக்கு அறிமுகமாகும் முன்பே அவர் போய்விட்டார். இன்று அங்கங்கே அவர் படம் என்று காட்டும் போட்டோக்கள் அதே பெயர் கொண்ட வேறு ஆட்களுடையவை. முகம் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

அந்தப் பெயரும் சும்மா வரவில்லை. அவருடைய சிறு புத்தகத்தைப் பல வருஷம் அதிகம் பேர் கவனிக்கவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு பிரான்சில், வண்டி செய்யும் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தவர் ழான் மார்ட்டின் ஷார்க்கோ. பாரிஸில் ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்த சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில் அவர் பெரிய டாக்டரானார். இந்த நோயாளிகளை அவரும் வருஷக்கணக்கில் கவனித்தார். எல்லாருக்கும் நடுக்கம் வருவதில்லை, உண்மையான வாதமும் இதில் இல்லை, ஆகவே நடுக்கு வாதம் என்ற பெயர் பொருந்தாது என்றார். முதலில் கண்டுகொண்டவரின் பெயரையே வைப்போம் என்று சொல்லி, பார்க்கின்சன் நோய் என்று அழைத்தார். ஆக, பார்க்கின்சன் தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளவில்லை. அவர் பிறந்த ஏப்ரல் 11-ஐ இன்று உலகம் பார்க்கின்சன் நாளாக வைத்திருக்கிறது.

காரணம் என்ன?

பெயர் கிடைத்தது. காரணம் கிடைத்ததா? அங்கேதான் சிக்கல்.

நடு மூளையில் கருநிறமாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. இந்த நோயாளிகளுக்கு அங்கே உள்ள உயிரணுக்கள் செத்துப்போகின்றன என்று 1919-இல் ட்ரெட்டியாகோஃப் என்பவர் காட்டினார். அந்த அணுக்கள் டோப்பமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. கை கால் நம் சொல்படி கேட்பதற்கு அது வேண்டும். நோயாளிகளின் மூளையில் அது குறைந்து கிடப்பது 1960-இல் தெரிந்தது. லெவோடோப்பா என்ற மருந்து அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்கிறது. 1960-களின் கடைசியில் அது பலரை எழுந்து நடக்க வைத்தது. நம் கிராமத்து வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் இதே பொருள் இருப்பதை 1937-இல் சென்னையிலேயே இரு விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இப்படிச் சொன்னதும் விதையைத் தேடிப் போய்விடாதீர்கள். அளவு தெரியாமல் சாப்பிட்டால் ஆபத்து.

ஆனால் மருந்து வியாதியை அறுப்பதில்லை. அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அந்த அணுக்கள் ஏன் சாகின்றன என்று கேட்டால், பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்றைக்கும் திட்டமான பதில் இல்லை. வயது ஒரு காரணம். சில குடும்பங்களில் பரம்பரை. குத்துச் சண்டை வீரர் முகம்மது அலியை நம் பெரியவர்கள் மறக்க மாட்டார்கள். 1975 ஜூலை 1-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஜோ பக்னரைப் பதினைந்து சுற்று ஆடி வென்றவர். 1984-இல் அவருக்கு இந்த வியாதி என்று சொன்னார்கள். தலையில் வாங்கிய அடியா, வேறு காரணமா என்று பெரிய பெரிய டாக்டர்களே வாதாடினார்கள்.

இன்னொன்று விஷம். 1982-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று இந்த நோயாளிகள் போல உறைந்துபோனார்கள். அந்த மருந்தில் கலந்திருந்த ஒரு ரசாயனம் மூளையின் கரும் பகுதியைக் கொன்றிருந்தது. அது உடம்புக்குள் போய் மாறும் உருவம் பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்பை ஒத்திருந்தது. விஞ்ஞானிகள் திடுக்கிட்டார்கள்.

பாராகுவாட் என்றால் பலருக்குத் தெரியாது. கிராமக்சோன் என்றால் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். செம்பனைக் காட்டிலும் ரப்பர் காட்டிலும் நம் பெண்கள் பம்பை முதுகில் சுமந்து அடித்த மருந்து அது. குடித்தவருக்கு மாற்று மருந்து கிடையாது. நம் நாட்டில் 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்தார்கள். 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பாராகுவாட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று கண்டார்கள். 2012-இல் பிரான்ஸ் நாடு, பூச்சி மருந்து, களை மருந்தோடு வேலை செய்த விவசாயத் தொழிலாளிக்கு இந்த நோய் வந்தால் அதைத் தொழில் நோய் என்று சட்டத்தில் சேர்த்தது.

அப்படியானால் மருந்துதான் காரணம் என்று கொடி பிடித்துவிடலாமா? நமக்கும் ஆசைதான். ஆனால் பார்க்கின்சனின் வாழ்க்கையைப் படித்துவிட்டு அப்படிச் செய்வது நியாயம் இல்லை. பாராகுவாட் கடைக்கு வந்தது 1962-இல். 1817-இல் அந்தத் தோட்டக்காரருக்கும் கப்பல்காரருக்கும் அது இல்லாமலே வியாதி வந்தது. நம் தோட்டத்துப் பெரியவரும் மருந்து அடித்தவர் அல்லர், பால்வெட்டுக்காரர். எல்லா ஆய்வுகளும் ஒரே பதிலைச் சொல்லவும் இல்லை. மருந்து சிலருக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வலுவான இடம் இருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. இதுதான் இன்றைய உண்மை.

நாம் செய்ய வேண்டியது

காரணம் தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? பார்க்கின்சன் அப்படி இருக்கவில்லையே! காரணம் தெரியாமலே அவர் பெயர் கொடுத்தார். அந்தப் பெயரால்தான் பின்னால் வந்தவர்கள் தேடினார்கள், மருந்து கண்டார்கள், ஒரு நாட்டில் சட்டமும் வந்தது. பெயர் இல்லாத வியாதிக்காரன் ஊர் வாயில் குடிகாரன், சோம்பேறி, சாபம் பிடித்தவன். பெயர் கிடைத்த பிறகுதான் அவன் நோயாளி ஆகிறான். நோயாளிக்கு மருந்து உண்டு, லீவு உண்டு, கேட்பதற்கு உரிமை உண்டு.

ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், யாருக்காவது சும்மா இருக்கும் கை நடுங்குகிறதா? நடை சுருங்குகிறதா? கையெழுத்து சிறுத்துப் போகிறதா? குரல் தாழ்ந்து, முகம் மரத்துப் போகிறதா? சிரிக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். எல்லா நடுக்கமும் இந்த வியாதி ஆகாது. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

மருந்து அடித்தவர்களும் அடிக்கிறவர்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எந்தக் காடு, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, கையுறையும் முகமூடியும் கொடுத்தார்களா என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பம்பு இன்று யார் முதுகில் இருந்தாலும், அவர் வேறு நாட்டுத் தொழிலாளியாக இருந்தாலும், அவருக்கும் இதைச் சொல்லுங்கள். கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தால் போதும். என்றைக்காவது அதைத் தேடி ஒருவர் வருவார்.

நாம் கேலி செய்து சிரித்த அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அவர் பெயரை இங்கே எழுதி அவர் வீட்டாரை வருத்தப்படுத்தவும் விரும்பவில்லை. அவருடைய வியாதியின் பெயரை மட்டும் எழுதிவிட்டோம். அவர் குடித்துவிட்டு ஆடியவர் அல்லர்.